மாறுகண் ஆபரேஷனில் உள்ளே என்ன நடக்கிறது?

"மிஸ்ஸி, கண்ணு முழிய வெளிய எடுத்து, சரி பண்ணிட்டு, மறுபடி உள்ள வெப்பாங்களா?"

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டி, ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மலேசியாவின் பினாங்கில் கண் அறுவைக் கூடத்தில் தாதியாக (எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்) வேலை பார்த்த காலம் முழுக்க எத்தனையோ அப்பா அம்மாக்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, அந்தக் காட்சியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களும் உண்டு. "இல்ல பாட்டி, கண்ணு இருக்கிற இடத்துலயேதான் இருக்கும். வெளிய எடுக்கவே மாட்டாங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் என் கையை விட்டார்.

டாக்டர்கள் விளக்காமல் இல்லை. ஆனால் அந்த விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வெளியே நிறைய பேர் காத்திருப்பார்கள். பாட்டிக்குப் பாதி புரியும், மீதி இடத்தைப் பயம் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்தக் கூடத்துக்குள் நடப்பதை, பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில், முதலிலிருந்து சொல்கிறேன்.

கண்ணைப் பிடித்திருக்கும் கயிறுகள்

வீட்டில் விசேஷம் என்றால் வாசலில் கூடாரம் போடுகிறோம். கம்பத்துக்கு நாலு பக்கமும் கயிறு கட்டி, தரையில் முளை அடித்து நிறுத்துவார்கள். நாலு கயிறும் ஒரே அளவு இழுத்தால் கம்பம் நேராக நிற்கும். ஒரு பக்கக் கயிறு விறைத்திருந்தால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். கம்பத்தை மாற்றி என்ன பயன்? கயிற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் நான்கு நேர்த்தசைகள்: மூக்குப் பக்கம் ஒன்று, காதுப் பக்கம் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. இவை கண்குழியின் ஆழத்தில் எலும்போடு ஒட்டிய ஒரு வளையத்தில் தொடங்கி, கண்ணைத் தழுவியபடி முன்னால் வந்து, வெள்ளை விழியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம். கருவிழியின் விளிம்பிலிருந்து அளந்தால் மூக்குப் பக்கத் தசை 5.5 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கும். கீழ்த்தசை 6.5, காதுப் பக்கத் தசை 6.9, மேல்தசை 7.7. இந்த நான்கு எண்களும் கண் சர்ஜனுக்கு வாய்ப்பாடு மாதிரி.

மீதி இரண்டு சாய்தசைகள். மேல் சாய்தசையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ஆழத்திலிருந்து நேராகக் கண்ணுக்கு வராது. முதலில் மூக்கோர எலும்பில் இருக்கும் ஒரு சின்னக் கப்பிக்குள் நுழைந்து, கிணற்றுக் கயிறு திரும்புவதுபோல் திரும்பி, அதற்குப் பிறகுதான் கண்ணின் மேல்பக்கத்தைப் பிடிக்கும். தலையைத் தோள்பக்கம் சாய்க்கும்போது கண் கொஞ்சம் உருண்டு சமாளிப்பதில் இந்தச் சாய்தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தசையைவிட மூளைதான் பெரிய விஷயம். மாறுகண் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குத் தசையில் நோய் எதுவும் இருக்காது. தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொரு கண்ணும் எல்லாப் பக்கமும் ஒழுங்காகத் திரும்பும். இரண்டு கண்ணையும் ஒரே பொருளின்மேல் சேர்த்து வைக்கும் வேலை மூளையுடையது. அந்த ஒருங்கிணைப்புதான் பிசகியிருக்கிறது. மூளையைத் திறந்து திருத்த முடியாது. ஆகவே கயிற்றைத் திருத்தி, மூளை தரும் தவறான இழுப்பைச் சரிக்கட்டுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஆபரேஷனுக்குப் பிறகும் ஏன் கண்ணாடி போட வேண்டும், சில வருஷம் கழித்து ஏன் சிலருக்குக் கண் மறுபடி விலகுகிறது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

எல்லா மாறுகண்ணுக்கும் ஆபரேஷன் இல்லை

பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் குழந்தையின் கண் அவ்வப்போது அலைவது சாதாரணம். அதற்குப் பிறகும் விலகினால் காட்டியே ஆக வேண்டும்.

சில குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகலமாக, கண்ணோரத்தில் தோல் மடிப்போடு இருக்கும். வெள்ளை விழியின் மூக்குப் பக்கம் மறைந்துபோவதால் கண் உள்ளே திரும்பியதுபோல் தெரியும், ஆனால் கண் நேராகத்தான் இருக்கும். நம் நாட்டில் சீனக் குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம், நம் குழந்தைகளிடமும் உண்டு. டார்ச் அடித்தால் இரண்டு கருவிழியிலும் வெளிச்சப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஒரு கண்ணில் புள்ளி 1 மில்லிமீட்டர் விலகி விழுந்தாலே கண் ஏறத்தாழ 7 டிகிரி திரும்பியிருக்கிறது என்று கணக்கு. கைப்பேசியில் பிளாஷ் போட்டு எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், உதவும். அந்தப் படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்குள் கட்டி உள்ள குழந்தைக்கும் மாறுகண்தான் முதல் அறிகுறியாக வரலாம்.

இன்னொரு வகை, கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும். தூரப்பார்வைக் குறை, அதாவது கிட்டத்தில் பார்க்கச் சிரமப்படும் குறை, உள்ள குழந்தை, தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்ணின் லென்ஸை ஓயாமல் முறுக்கிப் பார்க்கும். லென்ஸை முறுக்கும்போது கண்கள் உள்பக்கம் வருவது உடம்பின் இயல்பு. பிளஸ் கண்ணாடி கொடுத்தால் முறுக்க வேண்டிய தேவை போய்விடும், கண்ணும் நேராகும். இந்தக் குழந்தைக்குக் கத்தி வைத்தால், பின்னாளில் கண் வெளிப்பக்கம் ஓடிவிடக்கூடும். பிறைப் பாட்டியின் பேத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். மூன்று வயதில் கண் உள்ளே திரும்பத் தொடங்கியது. கண்ணாடி போட்டதும் பாதி சரியானது. மீதிப் பாதிக்குத்தான் ஆபரேஷன்.

ஆனால் அவர்கள் டாக்டரிடம் வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. "மாறுகண்ணு அதிர்ஷ்டம், தொடாதீங்க" என்று சொந்தத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை நான் லிட்டில் இந்தியாவிலும் கேட்டிருக்கிறேன், கோலாலம்பூரின் செந்தூலிலும் கேட்டிருக்கிறேன். எனக்கு மனசு பதறும். ஒரு கண் விலகியிருந்தால் குழந்தையின் மூளைக்கு இரண்டு படம் வரும். குழப்பம் வேண்டாம் என்று அது ஒரு படத்தை அணைத்துவிடும். அணைந்த கண் நாளாக ஆகப் பார்வையை இழந்து சோம்பேறிக் கண் ஆகிவிடும். அதைத் தட்டி எழுப்ப நல்ல கண்ணை மூடி வைத்துப் பழக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம், போகப்போகக் குறையும். ஆபரேஷன் கண்ணை நேராக்கும். அணைந்த பார்வையை அது மீட்டுத் தராது. அதனால்தான் டாக்டர்கள் பெரும்பாலும் கண்ணாடியையும் மூடு பட்டையையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு ஆபரேஷன் தேதி கொடுக்கிறார்கள். பிறந்து ஆறு மாதத்துக்குள் பெரிய அளவில் உள்ளே திரும்பிய கண் மட்டும் வேறு கதை. இரண்டு வயதுக்குள் நேராக்கினால்தான் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு என்பதால் அங்கே அவசரம் காட்டுவார்கள்.

தளர்த்துவது, இறுக்குவது

கூடாரக் கம்பம் வலப்பக்கம் சாய்ந்தால் இரண்டு வழி. வலப்பக்க முளையைப் பிடுங்கிக் கம்பத்துக்குக் கிட்டே அடித்தால் கயிறு தளரும். இல்லாவிட்டால் இடப்பக்கக் கயிற்றைக் குட்டையாக்கி இழுத்துக் கட்டலாம். கண் உள்ளே திரும்பியிருந்தால் மூக்குப் பக்கத் தசையைத் தளர்த்தலாம், அல்லது காதுப் பக்கத் தசையை இறுக்கலாம், அல்லது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம். மாறுகண் ஆபரேஷனில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தளர்த்துவதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ரிசெஷன். இறுக்குவது ரிசெக்ஷன். வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். ரிசெக்ஷன் தசையை வெட்டிக் குறைப்பது, ரிசெஷன் ஒரு துளியும் குறைக்காமல் இடம் மாற்றுவது. குழந்தைக்கு எது என்று நிறுத்திக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ரிசெஷனில் கண்குழியின் ஆழத்தில் இருக்கும் முளையைத் தொட முடியாது. ஆகவே கயிறு கண்ணைப் பிடித்திருக்கும் இந்த முனையை நகர்த்துகிறார்கள். தசையைக் கண்சுவரிலிருந்து பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் வைத்துத் தைத்துவிடுவார்கள். தசை ஒட்டும் இடம் பின்னால் போய்விட்டதால் அதன் இழுப்பு தளர்கிறது. ரிசெக்ஷனில் தசையின் முன்முனையில் சில மில்லிமீட்டர் நறுக்கி எடுத்துவிட்டு, மீதியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து தைப்பார்கள். தசை குட்டையாகிவிட்டதால் விறைப்பாக நிற்கும். வெட்டாமல், ரவிக்கையில் தையற்காரர் உள்மடிப்புப் பிடிப்பதுபோல் தசையை மடித்துத் தைக்கும் முறையும் உண்டு. தசையோடு வரும் ரத்தக்குழாய்களுக்குச் சேதம் குறைவு என்பது அதன் நன்மை.

இனி அளவு. மாறுகண்ணைப் பிரிசம் என்ற முக்கோணக் கண்ணாடியால் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அது ஒரு யூனிட். குழந்தையை ஒரு பொம்மையைப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடுவார்கள். மூடி எடுக்கும்போது கண் குதிக்கும். அந்தக் குதிப்பு நிற்கும்வரை பிரிசத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நின்ற எண்தான் மாறுகண்ணின் அளவு. கிட்டத்தில் ஒரு தடவை, தூரத்தில் ஒரு தடவை, கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல், சில நேரம் வேறொரு நாள் வரச்சொல்லித் திரும்பவும். "ஏன் மிஸ்ஸி சும்மா சும்மா அலைய வெக்கிறீங்க?" என்று கோபப்படுவார்கள். அலைக்கழிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் தைக்கப்போகும் மில்லிமீட்டர் முழுக்க இந்த அளவிலிருந்துதான் வருகிறது. அளவு ஆடினால் கண்ணும் ஆடும்.

பேத்திக்குக் கண்ணாடியோடு மீதம் நின்றது 30 யூனிட். பரவலாகப் புழங்கும் அட்டவணைப்படி, 30 யூனிட் உள்ளே திரும்பிய கண்ணுக்கு இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத் தசையை 4.5 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்த வேண்டும். 50 யூனிட் என்றால் 6 மில்லிமீட்டர். 20 யூனிட் வித்தியாசத்துக்கு ஒவ்வொரு கண்ணிலும் நகர்வது வெறும் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதே 30 யூனிட் வெளியே விலகிய கண்ணாக இருந்தால், காதுப் பக்கத் தசைகளை ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். இந்த எண்கள் அனுபவத்தில் திரண்டவை. தன் நோயாளிகளின் முடிவைப் பார்த்துப் பார்த்துத் தன் அட்டவணையைத் திருத்திக்கொண்டே போகிறவர்தான் நல்ல சர்ஜன்.

"ஒரு கண்ணுதானே மாறுது, ரெண்டு கண்ணுலயும் ஏன் கை வெக்கணும்?" பாட்டி இதையும் கேட்டார். நியாயமான கேள்வி. மாறுகண் என்பது இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள கோணம். எது நேராகப் பார்க்கிறதோ அது நல்ல கண்போலத் தெரிகிறது, அவ்வளவே. கோணத்தை இரண்டு கண்ணிலும் பாதிப் பாதியாகப் பிரித்துத் திருத்தினால் இரண்டும் ஒரே மாதிரி அசையும். ஒரு கண்ணில் பார்வை மிகவும் குறைவாக இருந்தால் மட்டும், நல்ல கண்ணைத் தொடாமல், பலவீனமான கண்ணிலேயே ஒரு தசையைத் தளர்த்தி எதிர்த்தசையை இறுக்குவார்கள்.

அந்த ஒரு மணி நேரம்

குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கடுமையான காய்ச்சலோ ஆபத்தோ வந்திருந்தால் அதைக் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சில சமயம் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தும் செய்வார்கள். தசையின் எண்ணிக்கையைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மயங்கியதும் டாக்டர் முதலில் சிறு இடுக்கியால் கண்ணைப் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். தசை தளர்ந்த நிலையிலும் கண் திரும்பாமல் முரண்டினால், எங்கோ இறுகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது திட்டமே மாறலாம். பிறகு, வெள்ளை விழியின்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் சிறு கீறல். 1968-ல் மார்ஷல் பார்க்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன முறைப்படி கீழிமைக்குள் மறையும் இடத்தில் கீறினால், ஆறிய பிறகு தழும்பு இமைக்கு அடியில் மறைந்துகொள்ளும். முகத்துத் தோலில் எங்கேயும் வெட்டு இல்லை.

கீறல் வழியாக ஒரு வளைந்த கொக்கியை விட்டுத் தசையைத் தூக்கி எடுப்பார்கள். இந்த நொடியில் மயக்க மருந்து டாக்டரின் கண் மானிட்டரில்தான் இருக்கும். கண் தசையை இழுத்தால் இதயத்துடிப்பு குறையும். 1908-லேயே கண்டுபிடித்த விஷயம் இது. பீப் சத்தம் மெதுவாகிக்கொண்டே வரும். "நிறுத்துங்க" என்பார் மயக்க டாக்டர். சர்ஜன் கொக்கியைத் தளர்த்துவார். துடிப்பு பழையபடி ஏறும். தேவைப்பட்டால் அட்ரோபின் ஊசி. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பிறகுதான், எல்லோரும் எதிர்பார்த்துத் தயாராக நிற்கும் ஒன்று அது என்று தெரிந்துகொண்டேன்.

தசை கண்ணில் ஒட்டும் இடத்துக்குச் சற்றுமுன், தலைமுடிப் பருமனே உள்ள நூலால் இரண்டு ஓரத்திலும் முடிச்சுப் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். நூல் பிடித்திருப்பதால் தசை உள்ளே சுருங்கி ஓடிவிடாது. அளவுகோல் இடுக்கியை 4.5 என்று வைத்து, கண்சுவரில் இரண்டு புள்ளி குறிப்பார்கள். இனி ஊசி. தசை ஒட்டும் இடத்துக்குப் பின்னால் கண்சுவரின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான், கண்ணிலேயே மெல்லிய இடம் அது. ஊசி அந்தச் சுவரின் பாதித் தடிமனுக்குள்ளேயே ஓடி வெளியே வர வேண்டும். உள்ளே துளைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் பேசமாட்டோம். நூலை முடிச்சிட்டு, சவ்வை மூடினால் ஒரு தசை முடிந்தது. நூலைப் பிரிக்க வரவேண்டியதில்லை, சுமார் இரண்டு மாதத்தில் தானே கரைந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1839 அக்டோபர் 26-ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற சர்ஜன் ஒரு சிறுவனின் மூக்குப் பக்கத் தசையை வெட்டி மாறுகண்ணை நேராக்கினார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. செய்தி பரவி ஊர் ஊராக வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் வெட்டிய தசையை எங்கேயும் தைக்காமல் விட்டதால் பலருக்குக் கண் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. அளந்து பின்னால் நகர்த்திக் கண்சுவரிலேயே தைக்கும் ரிசெஷன் முறையை 1922-ல்தான் ஜேம்சன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வெளியிட்டார்.

பெரியவர்களுக்கு

நாற்பது வயதில் வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், "இனிமே என்னத்துக்கு, அழகுக்குத்தானே?" என்று. அழகுக்கு மட்டும் என்று சொல்வது தவறு. வாழ்நாள் முழுக்க எதிரே இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரா வேறு யாரையோ பார்க்கிறாரா என்று மற்றவர்கள் குழம்புவதைச் சுமந்துகொண்டு, படம் எடுக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, வேலை நேர்முகத்தில் குனிந்தபடியே பேசியவர்களை எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு வயது வரம்பு கிடையாது. உள்ளே திரும்பிய கண் நேரானால் பக்கவாட்டுப் பார்வையும் விரியும்.

பெரியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நூலைக் கடைசி முடிச்சுப் போடாமல், சுருக்கு முடிச்சாக விட்டுவைப்பார்கள். மயக்கம் தெளிந்ததும், அன்று மாலையோ மறுநாளோ, மரத்துப்போகும் சொட்டு விட்டு, "அந்த எழுத்தைப் பாருங்க, ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு நூலை இழுத்தோ தளர்த்தியோ சரி செய்து, பிறகு முடிச்சிடுவார்கள். 1970-களில் ஆர்தர் ஜம்போல்ஸ்கி என்பவரால் பரவிய முறை இது. கண் விழித்திருக்கும்போது மூளை எங்கே இழுக்கிறது என்பதை நேரிலேயே பார்த்துத் தைப்பதற்கு ஈடு இல்லை.

நம் குடும்பங்களில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீடு குறைவு. இனிப்பு நீர் உள்ளவருக்குக் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு திடீரென்று செயலிழக்கலாம். காலையில் எழுந்தால் ரோடு இரண்டாகத் தெரியும். உடனே காட்ட வேண்டிய விஷயம், ஏனென்றால் அது பக்கவாதமாகவோ கட்டியாகவோ இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஆபரேஷனுக்கு அவசரம் இல்லை. பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், ஆறு மாதமாவது காத்திருந்து பார்ப்பார்கள். அதுவரை ஒரு கண்ணை மூடியோ பிரிசம் ஒட்டிய கண்ணாடி போட்டோ சமாளிக்கலாம். சரியாகாவிட்டால், செயலற்ற தசையை இறுக்கிப் பயனில்லை. மேல்தசையையும் கீழ்த்தசையையும் காதுப் பக்கம் இழுத்துவந்து தைத்து, அவற்றின் பலத்தைக் கடன் வாங்குவார்கள்.

தைராய்டு நோயால் தசை தடித்து இறுகிய கண், கடுமையான கிட்டப்பார்வையால் நீண்டு கீழே இறங்கிய கண், மேலும் கீழுமாக விலகிய கண், இவற்றுக்கெல்லாம் தனித்தனி முறைகள் இருக்கின்றன. அடிப்படை அதே கயிற்றுக் கணக்குதான். முகச்சுருக்கம் போக்க இன்று போடுகிறார்களே போட்டாக்ஸ், அதுவும் இங்கேதான் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட், வெட்டாமல் தசையைத் தளர்த்த வழி தேடி அதைக் கண் தசையில் போட்டுப் பார்த்தார். 1989-ல் அமெரிக்க அரசு அதற்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். விளைவு சில மாதங்களே நிற்கும், சிலருக்கு அதுவே போதும்.

என்ன ஆபத்து, வீட்டில் என்ன கவனம்

ஒரே ஆபரேஷனில் எல்லோருக்கும் கண் அச்சாக நேராகிவிடாது. கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ திருந்தி, இரண்டாவது முறை செய்ய வேண்டி வருவது அபூர்வமான விஷயம் இல்லை. இதை முன்பே சொல்லாமல் விட்டால் பெற்றோர் மனம் உடைந்துபோகிறார்கள். கொஞ்ச நாளைக்கு இரண்டிரண்டாகத் தெரியலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தொற்று, ஊசி கண்சுவரைத் துளைப்பது, தசை நழுவுவது ஆகியவை அரிதானவை, ஆனால் உண்டு. நேர்த்தசைகள் வழியாகத்தான் கண்ணின் முன்பகுதிக்குப் பெரும்பகுதி ரத்தம் போகிறது என்பதால், ஒரே கண்ணில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேற்பட்ட நேர்த்தசைகளில் பெரும்பாலும் கைவைக்க மாட்டார்கள்.

முதல் நாள் குழந்தை வாந்தி எடுக்கலாம், பயப்பட வேண்டாம். கண் ரத்தச் சிவப்பாக இருக்கும். வலியைவிட இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். வலி கூடிக்கொண்டே போனாலோ, சீழ் வந்தாலோ, இமை வீங்கி மூடினாலோ, பார்வை மங்கினாலோ உடனே திரும்பி வாருங்கள். கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறு எதையும் கண்ணில் விடக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதுவும் வேண்டாம். நெற்றியில் திருநீறு பூசும்போது கண்ணுக்குள் விழாமல் கையை அணைவாக வையுங்கள். தலைக்கு ஊற்றும்போது தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குப் பினாங்கின் 'பத்து ஃபெரிங்கி' கடற்கரையில் குளியலும் நீச்சல்குளமும் மணல் விளையாட்டும் கிடையாது. டிவி பார்க்கலாம், புத்தகம் படிக்கலாம், கண் தேய்ந்துவிடாது. ஒரு வாரத்தில் பாலர் பள்ளிக்கு அனுப்பலாம்.

எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகலாம். பினாங்குப் பொது மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் கண் பிரிவு இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. மாறுகண்ணுக்கென்று தனியாகப் பயின்ற டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

பிறைப் பாட்டி மறுநாள் பேத்தியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அப்ப கண்ணாடிய இனிமே கழட்டிறலாமா?" என்றுதான். இல்லை என்றேன். ஆபரேஷன் மீதி 30 யூனிட்டைத்தான் எடுத்தது, கண்ணாடி பிடித்துவைத்திருக்கும் பாதி அப்படியே இருக்கிறது. மூடு பட்டையும் இன்னும் சில மாதம் தொடர்ந்தது. பேரங்காடியில் ஸ்டிக்கர் வாங்கி, பட்டைமேல் தினம் ஒரு பூ ஒட்டி அனுப்பினார் பாட்டி.

கிளினிக்கில் ஒரு ஈப் படம் உண்டு. தனிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்பவருக்கு அந்தப் பெரிய ஈ தாளைவிட்டு எழும்பி நிற்கும். இறக்கையைப் பிடி என்று குழந்தையிடம் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவள் விரலைத் தாளில் அழுத்தித் தேய்த்தாள். ஏழு மாதம் கழித்து வந்தபோது, அவளுடைய இரண்டு விரலும் தாளுக்கு மேலே, காற்றில், எதையோ கிள்ளுவதுபோல் நின்றன. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டு, "பாட்டி, கடிக்கும்" என்றாள்.